மூன்றாவது விமானம்

தம்பி ஓட்டிப்போன விமானத்தின் விலை பூஜ்யம் என்றது திரை.

விமான நிறுவனம் ஒன்றை நடத்துவதுபோல் ஆடும் கணினி விளையாட்டில், இரண்டு விமானங்களை அக்கம்பக்கம் நிறுத்தி ஒப்பிடும் பக்கத்தை அக்காதான் சீர்செய்துகொண்டிருந்தாள். எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்றாவதாகத் தம்பியின் விமானம் கொசுறு மாதிரி வந்து ஒட்டிக்கொண்டது. அவனோடு கடலுக்கு மேல் காணாமல்போன நிஜ விமானத்தின் அதே பதிவு எண். யாரும் அதை உள்ளிடவில்லை.

"சும்மா கெடைக்கும்னா மத்ததை எவன் வாங்குவான்? தேடினவங்களே கைகழுவிட்டாங்க. தூக்கும்மா அதை," என்றார் மேலாளர்.

"வேணும்னா என்னைத் தூக்குங்க சார். அவன் இருக்கட்டும்."

அன்றே ஒப்பீட்டில் புதிதாக இரண்டு வரிகள் சேர்த்தாள்: புறப்பாடு, வருகை. மற்ற விமானங்களுக்கெல்லாம் இரண்டின் எண்ணிக்கையும் சமமாக இருந்தது. மூன்றாவதில் புறப்பாடு ஒன்று. வருகைக்கு எதிரே, அவள் எழுதாத ஒரு சொல்: தாமதம்.