மூன்று குரோசான்

"வாங்க தம்பி, பார்த்து எத்தனை வருஷமாச்சு! எப்பவும் போல மூணு குரோசானா?"

குவாதலூப் தீவின் கடற்கரை பேக்கரியில் ஃபிர்மின் அம்மா வாய் நிறையக் கேட்டதும் கயெத்தானின் முகம் வெளுத்துப்போனது.

"ரெண்டு போதும்" என்றவன், ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மனைவி ஓதிலை இழுக்காத குறையாக வெளியே கூட்டிவந்தான்.

"முதல் தடவை வர்றோம்னுதானே சொன்னே? அந்தம்மாவுக்கு உன்னை எப்படித் தெரியும்?"

"வேற யாரோன்னு நினைச்சிருப்பாங்க, விடு."

ஓதில் விடவில்லை. 'இந்தத் தீவு வேண்டாம், வேறு எங்காவது போகலாம்' என்று அவன் பாரிஸிலேயே மல்லுக்கட்டியதன் காரணம் இப்போது புரிகிற மாதிரி இருந்தது. மறுநாள் காலை அவன் குளிக்கப்போன சமயம் பார்த்து, தனியாகப் பேக்கரிக்குப் போய் நின்றாள்.

"அவரு இங்க எவளோட வந்தாரு? மறைக்காம சொல்லுங்க."

"என்ன கண்ணு இப்படிக் கேக்கறே? உன்னோடதானே வந்தாரு!"

ஃபிர்மின் அம்மா தன் செல்போனில் ஒரு படத்தைத் தேடியெடுத்து நீட்டினாள். கயெத்தானின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தவள் ஓதிலேதான். அவள் மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று.

ஓதில் செல்போனைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அவளைத் தேடி ஓடிவந்த கயெத்தான் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அந்தக் கார் விபத்துல தலையில அடிபட்டு உனக்கு அதுக்கு முந்தின நாலு வருஷமும் மறந்துபோச்சுல்ல... அன்னைக்குப் பின்சீட்டுல நம்ம பொண்ணும் இருந்தா, ஓதில். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம..."

ஓதிலுக்கு அழுகைகூட வரவில்லை. படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"இவ பேரு என்ன?"