கீழ்வீட்டு வாக்குமூலம்

"என்னங்க, நான் கடைக்குப் போயிருந்தப்ப குடியேற்ற ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாங்களாம். கீழ்வீட்டு நர்ஸ்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்களாம். மாடிப்படி பெருக்குறவர் சொன்னார்."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அவகிட்டயா? போச்சு! இந்தக் கட்டடத்துல வேற ஆளே கிடைக்கலையா?"

எல்லாம் ஒரே ஒரு 'ஆம்' செய்த வேலை. கல்யாணமாகி மனைவி ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வருஷம், வருமான வரிப் படிவம் நிரப்ப உட்கார்ந்தான். 'போன வருட விவரங்களையே வைத்துக்கொள்ளலாமா?' என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. சோம்பேறிக்கு அதைவிட இனிப்பான கேள்வி உண்டா? 'ஆம்' என்று அழுத்திவிட்டான்.

போன வருஷம் அவன் மணமாகாதவன்.

இப்போது மனைவியின் குடியிருப்பு அனுமதிக்கு மனுப் போட்டால், கடிதம் வந்து நிற்கிறது. வரிக்கு மணமாகாதவர், விசாவுக்கு மணமானவர், எது உண்மை? அவசர அவசரமாக வரிப் படிவத்தைத் திருத்திக் கொடுத்தான். அது சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. விசா பேப்பருக்காகச் செய்துகொண்ட கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டால், பதினைந்து நாளில் அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்? பொய்க் கல்யாணம்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?" என்றாள் அவள்.

"நீ வேற பயமுறுத்தாதே."

"ஒரு பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா?"

ஆரம்பித்துவிட்டாள். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்குச் சண்டை, பாத்ரூம் விளக்கை அணைக்காததற்குச் சண்டை. கடிதம் வந்ததிலிருந்து அது இரட்டிப்பாகியிருந்தது.

டொக்! டொக்! டொக்!

கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் சீலிங்கில் இடித்தாள் நர்ஸ். அவளுக்கு ராத்திரி டியூட்டி. சாயங்காலத் தூக்கம் கெடுகிறதாம்.

"பார்த்தியா, எப்படி இடிக்கிறான்னு? இவ நம்மளைப் பத்தி நல்லதா சொல்லியிருப்பாளா?"

"நம்ம பாஷைதான் அவளுக்குப் புரியாதே?"

"சண்டை எந்தப் பாஷையிலயும் சண்டைதான்."

மறுநாள் மாடிப்படியில் நர்ஸை மடக்கி, அவள் பாஷையில் தெரிந்த நாலு வார்த்தையைக் கோத்துக் கேட்டுப் பார்த்தாள் மனைவி.

"ஆபீசர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன். காதுல விழுந்தது எல்லாத்தையும் சொன்னேன்" என்ற நர்ஸ், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

அன்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. கூட வேலை பார்க்கும் நாலு பேரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கினான். வாசகமும் அவனே சொன்னான். 'இவர்கள் ஒருநாளும் சண்டையிட்டதே கிடையாது.'

குடியேற்ற ஆபீஸில் நேர்காணல் அன்று டோக்கனைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு பெண் அழுதுகொண்டே வெளியே வந்ததைப் பார்த்ததும் மனைவிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

உள்ளே, அதிகாரி அம்மாள் கோப்பைப் பிரித்ததுமே மெக்கானிக் முந்திக்கொண்டான்.

"மேடம், கீழ்வீட்டு நர்ஸ் சொன்னதை மட்டும் நம்பாதீங்க. அவங்களுக்கும் எங்களுக்கும் ஆகாது."

"அப்படியா?"

"சரியான சிடுமூஞ்சி மேடம். நாங்க மூச்சு விட்டாக்கூட இடிப்பாங்க. குடும்பம்னு ஒண்ணு இருந்தாத்தானே மத்தவங்க குடும்பம் நல்லா இருக்கிறது பொறுக்கும்?"

மனைவி அவன் காலை மிதித்தாள். அவன் நிறுத்தவில்லை.

"அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட நம்பக் கூடாதுங்கிறீங்க?"

"ஒரு வார்த்தைகூட, மேடம்!"

அதிகாரி அம்மாள் நாலு கடிதங்களையும் வரிசையாக மேசையில் வைத்தாள்.

"நாலு பேர் எழுதியிருக்காங்க. நாலுலயும் ஒரே வாசகம். ஒருநாள்கூடச் சண்டை போடாத புருஷன் பெண்டாட்டியை என் இருபது வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் நான் நம்பல."

மனைவி கண்களை மூடிக்கொண்டாள். முடிந்தது, ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"உங்க மனு பாஸ் ஆகுதுன்னா அது ஒரே ஒரு வாக்குமூலத்தாலதான். அதைத்தான் நம்பக் கூடாதுன்னு சொல்றீங்க. என்ன எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஒரு காகிதத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள்.

"'அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. தினமும் சண்டை போடுவார்கள் என்பது மட்டும் தெரியும். என் வீட்டில் சண்டை நின்றுபோன பிறகுதான் என் கணவர் என்னை விட்டுப் போனார். அதனால் மேலே சத்தம் கேட்டால் நான் கவலைப்படுவதில்லை. சத்தம் முற்றினால்தான் துடைப்பக் கட்டையை எடுப்பேன். நான் இடித்ததும் இருவரும் ஒன்று சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகுதான் நான் டியூட்டிக்குக் கிளம்புவேன்.'"