ஏணியை விட்ட சித்தப்பா

ஒரு விடுகதை. இரண்டு கால் உண்டு, ஓரடி நடக்காது. யார் மிதித்தாலும் முகம் சுளிக்காது. கீழே பிடிக்க ஆள் இல்லையென்றால் மட்டும் மேலே நிற்பவரைக் கவிழ்த்துவிடும். அது என்ன?

ஏணிதான். சரியாகச் சொன்னீர்கள்.

பெயிண்டர் வீட்டு வாயாடிக்கு வயது பத்து. ஏணி என்றாலே அவளுக்குச் சித்தப்பா மேல் கோபம் வரும். எட்டு மாதத்துக்கு முன் அப்பா மேலே நின்று வெள்ளை அடித்தபோது கீழே பிடித்திருந்தவர் அவர். போன் வந்தது, கையை விட்டார். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"கூட்டாளி கூப்பிட்டான், பேசிட்டேன்" என்று சித்தப்பாவே ஒப்புக்கொண்டார்.

அதிலிருந்து அம்மா அவரை எங்கே பார்த்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாயாடியோ, குடும்ப ஜெபத்தில் குற்றம் செய்தவர்களை மன்னிக்கிற இடம் வந்ததும் வாயை இறுக்க மூடிக்கொள்வாள்.

இன்றுதான் அப்பா மறுபடி வேலைக்கு வந்திருக்கிறார். தேவாலயத்தின் பக்கச் சுவர். வாயாடியும் கூட வந்தாள். ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இவர் எதுக்குப்பா?"

"ஏணி பிடிக்க."

"வேற ஆளே கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க. நான்தான் இவனை வரச் சொன்னேன்."

சித்தப்பா தரையைப் பார்த்தார். "அண்ணே, அவ கேக்கறதும் நியாயம்தான். நான் பெயிண்ட் கலக்கறேன். வேற யாராவது பிடிக்கட்டும்."

"எட்டு மாசமா வீட்டுப் பக்கம் வராம ஒளிஞ்சது போதும். பிடிடா."

"மறுபடி விட்டுட்டார்னா?" வாயாடி விடுவதாக இல்லை.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "படுத்துக் கிடந்தப்ப ஆண்டவரை நான் திட்டாத திட்டு இல்லம்மா. அதுக்காக அவர் என்னைக் கைவிட்டாரா? எழுப்பி நிக்க வச்சிருக்கார். அப்புறம் நான் மட்டும் என் தம்பியை எப்படி விடறது?"

முதல் படியில் கால் வைத்தவர், எதையோ நினைத்துச் சிரித்தார்.

"அன்னிக்கு ஒரு கூத்து. சாயங்காலம் நாலு மணி இருக்கும். கீழேருந்து 'பச்சை'ன்னு இவன் குரல். நாம அடிக்கிறது வெள்ளையாச்சே, இவன் எங்க பச்சையைப் பார்த்தான்னு திரும்பினேன். அவ்வளவுதான், தரையில கிடக்கேன். ஏன்டா, கூட்டாளிகிட்ட அப்படி என்னதான் பேசின?"

"மறந்து போச்சுண்ணே."

வாயாடிக்கு மறக்கவில்லை.

அன்று நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்தவள், பக்கத்து வீட்டு அக்காவின் போனில் சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். ஓவிய வீட்டுப்பாடம். "சித்தப்பா, சீக்கிரம் சொல்லுங்க. மஞ்சளும் நீலமும் கலந்தா என்ன கலர்?"

"பச்சை" என்றார். அதோடு போன் கட்டாகிவிட்டது.

அப்பா மத்தியானமே விழுந்துவிட்டார் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் சித்தப்பா.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அதற்குள் நாலு படி ஏறியிருந்தார். சித்தப்பா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தார். அவளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார்.

வாயாடி அப்பாவைக் கீழே இறங்கி வரச் சொன்னாள். அன்று போன் பண்ணியது தான்தான் என்று சொன்னாள்.