பூஜ்யம் புள்ளி ஏழு

"உலகத்துல இதுவரைக்கும் நடந்த எல்லா அழிவுக்கும் காரணம், பூஜ்யத்துல ஆரம்பிக்கிற வெர்ஷன்தான் மாப்பிள்ளை."

மச்சான் இதைச் சிரிக்காமல் சொன்னார். தையல் கடைக்கு மேலே, இரண்டே மேசை கொண்ட அந்த இணையதள நிறுவனத்தில் எட்டு வருஷமாக தளங்களைக் கட்டும் அடித்தளமாக ஒரே ஃபிரேம்வொர்க்கைத்தான் வைத்திருந்தார். தங்கையின் கணவன் வேலைக்கு வந்து சேர்ந்தது போன வருஷம். அவன்தான் இப்போது 'தும்பி' என்ற புது ஃபிரேம்வொர்க்கைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். வெர்ஷன் பூஜ்யம் புள்ளி ஏழு; அதாவது, ஒன்றைத் தொடாத, இன்னும் முழுசாகாத சரக்கு.

புதுத் தளம் செய்து தர முடியுமா என்று படகு நிறுவனத்து அம்மா நாலு மணிக்குள் பதில் கேட்டிருந்தார். அவருடைய பழைய தளத்தில் கால அட்டவணை திறக்கப் பதினோரு நொடி ஆகிறது. அதற்குள் படகே போய்விடுகிறது. தும்பியில் ஒரு நொடிகூட ஆகவில்லை. அவன் தானாகப் பிடித்த முதல் வாடிக்கையாளர் அவர். கைநழுவினால் பழைய ஊருக்கு, பழைய வேலைக்கு. வீட்டில் மனைவி பாதிப் பெட்டி கட்டிவிட்டாள்.

"முதல் ஆளாப் போய் எவன் விழுவான்?"

"ஒருத்தர் இருக்கார் மச்சான். தும்பியோட பக்கத்துல 'முதல் பயனர்'னே பேர் போட்டிருக்கு. ஆறு மாசத்துல நாற்பது தப்பு கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கார், சும்மாவே."

"வேலைவெட்டி இல்லாதவன். வீட்டுல சேர்க்க மாட்டாங்க போல." மச்சான் கண்ணாடியைத் துடைத்தார். "உன் படகுப் பக்கத்தைப் போன்ல திற. வரி முடியற இடத்தைப் பாரு."

பார்த்தான். 'படகுகள்' வரி ஓரத்தில் 'படகுகள' ஆகியிருந்தது. அடுத்த வரி 'புறப்படும' என்று முடிந்தது. கடைசி எழுத்தின் புள்ளியைக் காணோம். இரண்டு வாரமாக அவன் கண்ணில் படாதது, எட்டு வருஷ அனுபவத்துக்கு ஒரே பார்வையில் பட்டுவிட்டது.

"பேர்ல மட்டும் புள்ளி வெச்சிருக்கான்," என்றார் மச்சான். "எழுத்துல வைக்க மறந்துட்டான். நாலு மணிக்கு முடிவு சொல்றேன்." தன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வழக்கம்போல அரைக்கண் மூடிச் சாய்ந்தார்.

கீழே தையல் இயந்திரங்கள் தூரத்து மழைபோல ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் திரை ஊதி, அடங்கி, மறுபடி ஊதியது. அந்த மூன்று மணி வெளிச்சத்தில் அவன் திரையிலிருந்து புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பி, தூசியோடு தூசியாக மிதந்து, ஜன்னல் வழியே போவதுபோல இருந்தது. பின்னாலேயே படகுகளும் போயின. கடைசிப் படகில் அவனுடைய பாதிப் பெட்டி. கரையில் நின்று மச்சான் கையசைக்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.

தலை மேசையில் இடித்ததும் விழித்தான். நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். பழக்கதோஷத்தில் தும்பியின் பக்கத்தைத் திறந்தான். பூஜ்யம் புள்ளி எட்டு வந்திருந்தது. அவசரமாக ஏற்றி, போனில் பார்த்தான். படகுகள் புறப்படும். எல்லாப் புள்ளிகளும் வீடு திரும்பியிருந்தன.

"மச்சான், புள்ளி வந்துடுச்சு."

அவர் கண்ணைத் திறக்காமலே, அப்படியா என்றார். இதுவும் பூஜ்யம்தானே என்றார். பிறகு, "என்னமோ பண்ணு. உன் தலையெழுத்து. நாளைக்கு என்கிட்ட வந்து அழக் கூடாது" என்றார்.

அவன் படிக்கட்டுக்கு ஓடி, போனில் படகு நிறுவனத்து அம்மாவுக்குச் சம்மதம் சொன்னான். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி மனைவிக்கும் சொன்னான். திரும்பி வந்தபோது மச்சான் கதவுக்கு முதுகைக் காட்டி, சத்தம் வராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தும்பியின் பக்கம்தான். கடன் வாங்கியவர் மாதிரி பதுங்கிப் பதுங்கித் தட்டினார். அவருடைய தோளுக்கு மேலாக அவன் படித்தான்:

"நாற்பத்தொன்றாவது தப்பும் சரியாகிவிட்டது, நாலு மணிக்குள் முடித்துக் கொடுத்ததற்கு நன்றி. உங்கள் இரண்டாவது பயனராக எங்கள் வீட்டு மாப்பிள்ளை வருகிறார், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, முதல் பயனர்."