ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு

பெயரைக் கூப்பிட்டதும் அவளுக்கு முன்னால் அவன் எழுந்து போனான்.

முடி வெட்டி, சட்டையை உள்ளே விட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வந்திருந்தான். அதிகாரியைக் கும்பிட்டான்.

அவள் பின்னால் போய் நின்றாள்.

ஆற்றோரத்துக் குடிசைகளை மாதக் கடைசிக்குள் இடிக்கப் போகிறார்கள். எல்லோருக்கும் அடுக்குமாடியில் வீடு. அவளுக்கு மட்டும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணவர் பெயரில் ஏற்கெனவே ஒதுக்கியாயிற்றாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதானாம்.

பொய்யில்லை. வேறொரு பேட்டையில் அந்த வீடு இருக்கிறது. அதில் அவன் இருக்கிறான். கூட இன்னொருத்தியும் இருக்கிறாள்.

கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்திருந்தால் சுவர் வைக்கவாவது ஆகியிருக்கும்.

மேல்முறையீடு செய்தாள். பிரிந்துவிட்டதாக அவனே நேரில் வந்து சொன்னால் பார்க்கலாம் என்றார்கள். அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். படியேறவில்லை. வந்து சொல்கிறேன் என்றான்.

ஒரு வரிதான் சொல்ல வேண்டும்.

"பூபாலன் நீதானாப்பா? இவங்கள விட்டுட்டுப் போயிட்டியா?"

அறை நிறைய ஆட்கள். பெண்கள்தான் அதிகம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் காலரைச் சரி செய்தான்.

"அதெல்லாம் இல்ல சார். தங்கமான பொம்பள. நல்லாத்தான் சார் இருக்கோம்."

பாவி.

பெண்டாட்டியை விட்டவன் என்று நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்ல எந்த ஆம்பளைக்கு நாக்கு வரும்? அதை யோசிக்காமல் கூட்டி வந்தது அவள் தப்பு.

தங்கமான பொம்பளை. கூட இருந்த காலத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. கேட்க இனித்தது. இனித்ததற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அதிகாரி கோப்பை மூடப் போனார்.

"அவரே சொல்றாரேம்மா."

"சார், எம் பொண்ணு எத்தனாவது படிக்குதுன்னு அவரக் கேளுங்க."

அதிகாரி கேட்கும்வரை அவன் காத்திருக்கவில்லை.

"பன்னெண்டாவது சார். வர்ற மார்ச்சுல பப்ளிக் எழுதுது."

முகமெல்லாம் பெருமை. எங்கேயோ இருந்துகொண்டு வருடம் தவறாமல் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்பது போல.

"எட்டோட நின்னுடுச்சு சார். இவரு எங்கள விட்டுட்டுப் போனப்ப. இப்ப ஜவுளிக்கடையில நிக்குது."

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார்.

அவன் மறுக்கவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது.

அதிகாரி ஒரு தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். கிளார்க் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

"ஆர்டர் வந்துடும்மா. நீங்க போங்க."

வீடு கிடைத்துவிட்டது. வெளியே வந்து அதை ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவன் போகாமல் கேட் அருகே நின்றிருந்தான். சட்டை வெளியே வந்திருந்தது.

"நல்லாப் படிக்குமே அது" என்றான்.

"படிச்சுது."

எந்தக் கடை என்று கேட்டான்.

அவள் ரோட்டைக் கடந்து, பஸ் நிற்கும் பக்கம் போனாள்.