பின்னால் வந்தவள்

பாலத்தின் இறக்கத்தில் ராமசெல்வி திரும்பிப் பார்த்தாள். ஜெயஸ்ரீ நெருங்கிக்கொண்டிருந்தாள்.

வடசென்னையில் ஏறி ஓட மலை ஏது? மேம்பாலங்களை ஏறி இறங்கும் அரை மாரத்தான் அது. பெண்களில் ராமசெல்விதான் முதலில் ஓடினாள். போன வருடமும் அப்படித்தான். ஆனால் கடைசிப் பாலத்தில் இந்த நெட்டுக்குப்பத்து ஜெயஸ்ரீ முந்திவிட்டாள். ராயபுரத்தில் ராமசெல்வியின் மளிகைக் கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

இறங்கி, மறுபடி திரும்பிப் பார்த்தாள். ஆளைக் காணோம். அப்பாடா, களைத்து நின்றுவிட்டாள்!

சற்று நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"யக்கா, நில்லுக்கா!"

"நிக்கணுமா? இந்தச் சோலியெல்லாம் எங்கிட்ட வேண்டாம்ளா!"

எதிரே பாலம் தெரிந்தது. இதுதான் கடைசி! கண்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. அந்த இரைச்சலில் ஜெயஸ்ரீ கத்தியது காதில் விழவில்லை. கெண்டைக்கால் இழுத்தது, நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. விடாமல் உச்சிக்கு ஏறிவிட்டாள்.

கீழே முடிவுக்கோட்டைக் காணவில்லை. கூட்டமும் இல்லை. வரிசையாக லாரிகள்தான் நின்றன.

ஜெயஸ்ரீ வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"இன்னாக்கா நீ, கத்திக்கினே வரேன், ஓடிக்கினே கீறே? அந்தப் பாலம் எறங்குனதும் லெப்டுல திரும்பணும்."

"வழி தெரிஞ்சவ நீ ஏம்ளா இங்க வந்த?"

"நான் கரீட்டாதான் திரும்புனேன். நீ லாரிங்க நடுவுல நேரா போறத பாத்தேன். மன்சு கேக்கலக்கா."