பொன்னாடைக்கு ஒரு தோள்

பழைய மாணவர்களில் பெரிய ஆளானவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் விழா. பொன்னாடை எடுக்க ஞானதாஸ் வாத்தியாரே கடைக்கு வந்துவிட்டார். அவரிடம் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய சேர்மக்கனிதான் இப்போது அங்கே துணி விரித்துப் போடுகிறவன். அடையாளம் கண்டுவிடுவாரோ என்று பயந்தான். காணாமலே போய்விடுவாரோ என்று அதைவிடப் பயந்தான்.

"கலெக்டர் ஒருத்தர், விஞ்ஞானி ரெண்டு பேரு, எல்லாம் நம்ம பிள்ளைக. வெலை சல்லிசா இருக்கணும் அண்ணாச்சி, போட்டோவுல பகட்டாத் தெரியணும்."

"போட்டே பாத்துருங்க, சார்" என்று சேர்மக்கனி தோளைக் காட்டினான்.

வாத்தியார் இரண்டு கையாலும் போர்த்தினார். பழக்கதோஷத்தில் கும்பிடவும் செய்தார். சேர்மக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இது வேண்டாம், நீங்க போட்டதுல்லா. அவங்களுக்குப் பிரிக்காததா எடுங்க, அண்ணாச்சி."